காவிளாய்: இனங்காணலும் வளர்த்தலும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் எழுவான்கரையின் மண் பெரும்பாலும் மணலாகும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் விரிந்து கிடக்கும் நெல் வட்டைகளிலும் மணற்பாங்கான கண்டங்கள் பல உள. இவ்வகை மண்ணை உழுவது எளிது. நீரும் விரைவில் வடியும். ஆயின், இட்ட பசளையைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் இதற்குக் குறைவு. மாரி மழை பலமாகப் பெய்யுமாயின், முதல் நாள் தூவிய யூரியாவின் பெரும்பகுதி கரைந்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். அதற்குச் செலவிட்ட பணமும் அதனோடு இறங்கிவிடுகின்றது. எழுவான்கரையில் அவ்வாறு இறங்குவது, மக்கள் நீர் அள்ளும் ஆழமற்ற கிணறுகளைச் சென்றடையவும் கூடும்.

மணல் மண்ணுக்குப் பிடிப்பாற்றலைத் தருவது மக்கிய இலைகுழையாகும். அதற்கான செடி இப்பகுதியில் இயற்கையாகவே வளர்கின்றது. தெருவோரத்திலும், தரிசு மணலிலும், வரம்பு மேட்டிலும், கோடையின் நடுவிலும் பச்சையாக நிற்கும் காவிளாய் என்னும் பூண்டே அது. தமிழ்நாட்டுக் கமக்காரர் இதனைக் கொழிஞ்சி என்பர். சிங்கள மொழியில் பில எனப்படும். தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் தெப்ரோசியா பர்பூரியா என்பதாகும்.

காவிளாய் வளரும் அதே மணலில் கிலுகிலுப்பையும் வளர்கின்றது. இரண்டும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் மண்ணை வளப்படுத்துபவை. எனினும், கிலுகிலுப்பையின் விதையும் இலையும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடையவை. இரண்டையும் வேறுபடுத்தி அறியாது வெட்டிச் சேர்ப்பதால் நிலத்திற்கு உடனடிக் கேடு இல்லை. மாட்டிற்கும் கோழிக்கும், சில வேளைகளில் மனிதருக்கும் கேடு உண்டு. ஆகவே, முதலில் இனங்காணலும் பின்னர் வளர்த்தலும் இங்கு விளக்கப்படுகின்றன.

பூண்டு மண்ணை வளப்படுத்தும் முறை

நிலத்தில் ஒரு பயிரை வளர்த்து, அதனை அந்நிலத்திலேயே உழுது புதைக்கும் வழக்கம் மிகப் பழையது. 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே உரோம நாட்டுக் கமக்காரர் லூப்பின் என்னும் அவரையினப் பூண்டை இவ்வாறு பயன்படுத்தினர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஜேர்மனியின் லூப்பிற்ஸ் என்னும் ஊரில் அல்பேட் சூல்ட்ஸ் என்னும் கமக்காரர், வளமற்ற மணல் நிலத்தில் லூப்பினை வளர்த்துப் புதைத்து, அதன்பின் இடப்பட்ட தானியப் பயிரில் நல்ல விளைவு கண்டார். அதன் காரணம் அக்காலத்தில் எவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. 1886ஆம் ஆண்டிலும் 1888ஆம் ஆண்டிலும் ஹெல்றீகல், வில்பார்த் என்னும் இரு ஜேர்மன் ஆய்வாளர் அதனை விளக்கினர். அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேரிலுள்ள சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள், காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக ஊட்டுகின்றன என்பதே அவ்விளக்கமாகும்.

லூப்பின் குளிர்ந்த காலநிலைக்கு ஏற்ற பயிர். மட்டக்களப்பின் வெப்பத்திற்கு உகந்ததன்று. ஆயினும், அந்நாடுகளின் மணலுக்கு லூப்பின் செய்யும் பணியை இந்நாட்டின் மணலுக்குக் காவிளாய் செய்யும். லூப்பினின் காட்டினங்களில் கசப்பும் நஞ்சும் உள்ள விதைகள் உண்டு என்பதும் நினைவில் இருத்தல் வேண்டும். மண்ணுக்கு உதவும் பூண்டு யாவும் வாய்க்கும் உதவும் என்று கொள்ளலாகாது.

சிறுகணுக்கள் வேலை செய்கின்றனவா என்பதைக் கமக்காரர் தாமே அறியலாம். மழை பெய்த மறுநாள் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வேரை நீரில் மெதுவாக அலசுக. வேரில் ஒட்டிய சிறு மணிகளைப் போன்ற கணுக்கள் தோன்றும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்க்குங்கால், உட்புறம் இளஞ்சிவப்பாக இருப்பின் அது நைதரசனைச் சேர்க்கின்றது எனக் கொள்க. வெண்மையாகவோ பச்சையாகவோ இருப்பின் அது இன்னும் வேலை தொடங்கவில்லை, அல்லது வேலையை முடித்துவிட்டது.

மரக்கறிச் செய்கையாளர் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை அறிதல் நன்று. சிறுகணு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் எளிதில் கழன்றுவிடும். கத்தரி, தக்காளி முதலியவற்றின் வேரில் வட்டப்புழுவினால் உண்டாகும் முடிச்சோ வேரே வீங்கியதாகும்; அது கழன்று வராது. முன்னையது நன்மையின் அறிகுறி. பின்னையது நோயின் அறிகுறி.

காவிளாயின் அடையாளங்கள்

1. செடி: ஒன்று தொடக்கம் மூன்று அடி உயரம் வளரும். அடிப்பகுதி கட்டையாக முற்றியிருக்கும். அங்கிருந்து கிளைகள் பல பக்கமும் பரவும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் கையால் பிடுங்குவது கடினம். கோடையில் அயலிலுள்ள புல் காய்ந்த பின்னரும் இது பச்சையாக நிற்பதற்கு இவ்வேரே காரணம்.

2. இலை: ஒரு காம்பின் இரு பக்கத்திலும் சிறிய இலைகள் சோடி சோடியாக அமைந்து, நுனியில் ஒற்றை இலையுடன் முடியும். ஒரு காம்பில் பொதுவாக 11 தொடக்கம் 21 சிற்றிலைகள் இருக்கும். சிற்றிலை அரை அங்குலம் தொடக்கம் ஓர் அங்குலம் வரை நீளமானது; நுனியை நோக்கிச் சற்று அகன்றது. நடுநரம்பிலிருந்து மெல்லிய நரம்புகள் இரு பக்கமும் சாய்வாகவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் ஓடும். அடிப்புறத்தில் பட்டுப் போன்ற மென்மயிர் காணப்படும்.

3. பூ: சிறியது, ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறமுடையது. இலைக்கு எதிர்ப்புறமாகத் தோன்றும் மெல்லிய பூந்தண்டில் இடைவெளி விட்டு அமைந்திருக்கும்.

4. காய்: தட்டையானது, ஒன்றரை அங்குல அளவு நீளமும், சிறிது மேல்நோக்கிய வளைவும் உடையது. முற்றியதும் கபில நிறமாகி, வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறும். ஒரு காயில் சில விதைகளே இருக்கும். காயை அசைத்தால் ஓசை எழாது.

5. இலை கிழிக்கும் சோதனை: பூவும் காயும் இல்லாத காலத்திலும் காவிளாயை உறுதியாக அறிய இதுவே சிறந்த வழியாகும். ஒரு சிற்றிலையின் நுனியை இரு விரல்களால் பிடித்து மெதுவாக இழுக்குக. காவிளாயின் இலை குறுக்கே நேராகக் கிழியாது. சாய்ந்தோடும் நரம்புகளின் வழியே பிரிந்து, அம்பின் அடிப்புறத்தில் கட்டிய இறகைப் போன்ற வடிவில் வெட்டுண்டு வரும். வடமொழியில் இதனைச் சரபுங்கம், அதாவது அம்பிறகு, என்று அழைப்பதும் இது பற்றியே. ஐந்தாறு இலைகளைக் கிழித்து, எல்லாம் ஒரே விதமாகப் பிரிகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். ஓர் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்தல் தகாது.

காவிளாய் எனத் தவறாகக் கொள்ளப்படுபவை

அவுரி: நீலச் சாயம் எடுப்பதற்கு முற்காலத்தில் பயன்பட்ட செடி. இலை அமைப்பில் காவிளாயைப் பெரிதும் ஒத்தது. ஆயின், இதன் காய் தட்டையன்று. ஊசி போல் மெலிந்து உருண்டிருக்கும். இலை உலர்ந்ததும் நீலங்கலந்த கருநிறம் கொள்ளும். இழுத்தால் அம்பிறகு வடிவில் கிழியாது. அவுரியும் நல்ல பசுந்தாட் பசளையே. ஆதலால் இதில் தவறு நேரினும் நட்டமில்லை.

சிற்றகத்தி: இலையளவில் காவிளாயை ஒத்திருப்பினும், ஆளுயரத்திற்கு மேலே நேராக வளரும். பூ மஞ்சள் நிறமுடையது. காய் மெல்லியதாகவும் நீண்டும் தொங்கும். இதுவும் நிலத்திற்கு நன்மை தருவதே.

கிலுகிலுப்பை: கவனமாக அறிய வேண்டியது இதுவே. மணற்பாங்கான நிலத்தில் இதன் இனங்கள் பல காணப்படும். ஓர் இனத்திற்கு அகன்ற தனி இலையும், கோணமுள்ள தண்டும், வெளிர்நீலப் பூவும் உண்டு. இன்னோர் இனத்திற்கு நுனியில் சிறு பள்ளம் விழுந்த நீண்ட தனி இலையும், பெரிய மஞ்சட் பூவும் உண்டு. வேறோர் இனத்திற்கு ஒரு காம்பில் மூன்று இலைகளும் மஞ்சட் பூவும் உண்டு. எந்த இனமாயினும் காய் ஊதிய பை போன்றது. காய்ந்ததும் உள்ளே விதைகள் கழன்று, அசைக்குந்தோறும் கிலுகிலுவென ஒலிக்கும். பெயரும் அதனால் வந்ததே.

இவற்றைச் சுருக்கமாகப் பின்வருமாறு மனத்திற் கொள்ளலாம். ஒரு காம்பில் பல சிற்றிலைகள், தட்டைக் காய், அம்பிறகுக் கிழிவு ஆகிய மூன்றும் பொருந்தினால் அது காவிளாய். தனி இலை அல்லது மூவிலை, ஊதிய காய், கிலுகிலு ஓசை ஆகியன காணப்பட்டால் அது கிலுகிலுப்பை.

கிலுகிலுப்பையின் கேடு

கிலுகிலுப்பை இனங்கள் பலவற்றில் ஈரலைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் உள. விதையில் இவை மிகுதி. மேய்ச்சல் உள்ள காலத்தில் மாடுகள் இச்செடியை அதிகம் நாடுவதில்லை. தீவனம் அருகும்போதும், வைக்கோலோடு கலந்து வரும்போதும் தின்றுவிடுகின்றன. நஞ்சின் விளைவு உடனே தோன்றாது; சில வாரங்களோ மாதங்களோ கழிந்தே மாடு மெலிந்து, சோர்ந்து, இரை எடாது நிற்கும். கண்ணின் வெண்படலம் மஞ்சளாகலாம். வயிற்றில் நீர் கோக்கலாம். அதற்குள் ஈரல் பெரிதும் கெட்டுவிடுவதால் மாட்டைக் காப்பாற்றல் அரிது. தின்ற நாளுக்கும் நோய் தோன்றிய நாளுக்கும் இடைவெளி நீண்டிருப்பதால், காரணம் இன்னதென்று உரியவர் ஐயுறுவதும் இல்லை. ஆதலால் தடுத்தலே வழியாகும்.

மனிதருக்கும் இக்கேடு நேர்ந்ததுண்டு. 1970களில் மத்திய இந்தியாவின் சர்குஜா மாவட்டத்தில், சாமைத் தானியத்தோடு கிலுகிலுப்பை விதை கலந்துவிட, அதனை உண்ட குடும்பங்களில் ஈரல் நோய் பரவிப் பலர் இறந்தனர். அறுவடையின்போது கவனியாது விடப்பட்ட களையின் விதையே அங்கு நஞ்சாயிற்று. இலங்கையிலும், நாட்டு மருந்தாகப் பயன்படுத்தப்படும் மூலிகைகளை ஆராய்ந்த அறிஞர், வெளிர்நீலப் பூவுடைய கிலுகிலுப்பையில் இந்நஞ்சு இருப்பதை 1981ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். எனவே, இதன் இலையை அவித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தல் தவிர்க்கப்படல் வேண்டும்.

கமக்காரர் செய்யத்தக்கவை பின்வருமாறு:

1. வரம்பிலும் களவெட்டியைச் சுற்றியும் நிற்கும் கிலுகிலுப்பையைப் பூக்குமுன் பிடுங்கி, கூட்டெருக் குழியில் இட்டு மக்கவிடுக. காய் பிடித்த பின்னர் பிடுங்கினால் காயை மண்ணில் சிதறவிடாது எரித்துவிடுக.

2. நெல்லோடும் பயறோடும் கலந்த அயல் விதைகளைத் தூற்றியும் புடைத்தும் நீக்குக. அவ்வாறு நீக்கிய கழிவைக் கோழிக்கு இடாதிருக்குக. கழிவுதானே எனக் கோழிக்கு இடுவதே பெரும்பாலும் நட்டத்திற்குக் காரணமாகின்றது.

3. வைக்கோலைக் கட்டுமுன் அதனுள் கிலுகிலுக்கும் காய் உண்டா எனப் பார்க்குக.

விதை சேகரித்தல்

காவிளாய் விதையைக் கமக்காரர் தாமே சேகரித்தல் சிக்கனமானது, நம்பகமானதும் ஆகும். மழைக்காலம் கழிந்து காய்கள் கபில நிறம் கொள்ளுங்கால், காலையில் பனி உலருமுன் அவற்றைப் பறிக்குக. வெயில் ஏறிய பின்னர் கை பட்டவுடன் காய் வெடித்து விதை சிதறிவிடும். பறித்த காயை மெல்லிய துணியால் மூடி வெயிலில் இடுக; தானே வெடிக்கும். பின்னர் புடைத்து விதையைப் பிரித்தெடுக்குக. ஓரிடத்தில் உள்ள செடிகளில் மூன்றில் ஒரு பங்கையேனும் விதைக்காக விட்டுவிடல் வேண்டும். அடுத்த ஆண்டு ஊரவர் எவருக்கும் அது பயன்படும்.

விதையின் கடினத்தைப் போக்குதல்

காவிளாய் விதையின் தோல் மெழுகு பூசியது போன்று நீர் புகாத தன்மையுடையது. சேகரித்த விதையை அப்படியே விதைத்தால், சில மட்டும் முளைத்து ஏனையவை மண்ணில் உறங்கிக் கிடக்கும். இதனால், காவிளாய் விதைத்தும் முளைக்கவில்லை என்று கைவிட நேரும். விதையில் உயிர் இல்லாததன்று. நீர் உட்புகாததே காரணமாகும். பின்வரும் இரு முறைகளுள் ஒன்றைக் கைக்கொள்ளலாம்.

மணலோடு தேய்த்தல்: விதைக்கு இரட்டிப்பு அளவு கூர்மணலைக் கலந்து, உரலில் இட்டு உலக்கையால் மெதுவாகக் குத்துக, அல்லது சாக்கில் இட்டுத் தரையில் உருட்டித் தேய்க்குக. விதையின் பளபளப்பு மங்கியதும் நிறுத்துக. விதை உடையும் அளவிற்குக் குத்தலாகாது.

வெந்நீரில் இடுதல்: கொதிநீர் இரண்டு பங்கும் கிணற்று நீர் மூன்று பங்கும் கலந்தால், ஏறக்குறைய 55 பாகை சூடுள்ள நீர் கிடைக்கும். விதையைத் துணியில் கட்டி, அந்நீரில் இரண்டு அல்லது மூன்று நிமிடம் வைத்தெடுத்து, உடனே குளிர்நீரில் ஆற்றுக.

விதைக்குமுன் சோதித்தறிதல் நன்று. பதப்படுத்திய விதையில் 20 விதைகளை எடுத்து, ஈரத்துணியில் ஓர் இரவு வைக்குக. மறுநாள் பருத்திருப்பவற்றை எண்ணுக. 20இல் 12க்குக் குறைவாகவே பருத்திருந்தால் மீண்டும் ஒருமுறை தேய்த்தல் வேண்டும்.

ஏக்கருக்கு 8 தொடக்கம் 10 கிலோகிராம் விதை போதுமானது. காவிளாய் முன்னர் வளராத காணியாயின், அது நன்கு வளரும் இடத்தின் மண்ணில் ஒரு கூடை எடுத்து விதையோடு கலந்து தூவுக. சிறுகணுக்களை உண்டாக்கும் பற்றீரியாக்கள் அம்மண்ணோடு வந்து சேரும்.

மழையை நம்பிய நெற்காணியில்

மாரி மழையைக் கொண்டு ஒரு போகம் மட்டும் செய்யும் காணிகள், பெரும்போக அறுவடைக்குப் பின் அடுத்த மழை வரை தரிசாகக் கிடக்கின்றன. காவிளாய்க்கு ஏற்ற காலம் இதுவே.

கையால் அறுவடை செய்வதாயின், வயலில் நீர் வடிந்து, ஈரம் எஞ்சியிருக்கையில், அறுவடைக்கு ஏழு அல்லது பத்து நாட்களுக்கு முன் நிற்கும் வேளாண்மைக்குள் விதையைத் தூவுக. இயந்திரத்தால் அறுவடை செய்வதாயின், இளம் முளை நசுங்காதிருக்க, அறுவடை முடிந்தவுடன் ஈரம் காயுமுன் தூவி, முட்கிளையை இழுத்து மண்ணால் மூடுக. விதைத்த பின் ஒட்டுக்கு நெருப்பு வைத்தலாகாது.

முதல் ஓரிரு மாதங்களில் செடியின் வளர்ச்சி மந்தமாகத் தோன்றும். அக்காலத்தில் வேர் கீழே இறங்குகின்றது. ஆதலால் மனம் தளர வேண்டியதில்லை. அறுவடைக்குப் பின் மாட்டுப்பட்டிகள் வயலில் இறங்குவது இப்பகுதியின் வழக்கம். வேறு பசுந்தாட் பயிர் எதுவாயினும் வேலியின்றி அங்கு தப்பிப் பிழைத்தல் அரிது. காவிளாயை மாடுகள் பொதுவாக விரும்பித் தின்பதில்லை. பட்டிக்காரரோடு பிணக்குறாமலும், வேலிக்குச் செலவிடாமலும் வளர்க்கத்தக்க பசுந்தாட் பயிர் என்பதே மட்டக்களப்பில் இதற்குள்ள தனிச் சிறப்பாகும்.

அடுத்த மாரிக்கு நிலம் பண்படுத்துங்கால், விதைப்புக்கு மூன்று வாரங்களுக்கு முன், கிடைக்கும் மழையீரத்தைப் பயன்படுத்தி வெட்டி உழுது புதைக்குக. புழுதியில் விதைப்போர், மழை தாழ்த்தினால், செடியை வெட்டிக் காயவிட்டு, இலையை உதறி வயலில் பரப்பி உழலாம். முற்றிய தண்டு விரைவில் மக்காது. ஆதலால் அதனை நீக்கி வேலிக்கோ விறகுக்கோ கொள்க. புதைத்தவுடன் விதைத்தலும் நடுதலும் கூடா. இலைகுழை மக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனைச் சில காலம் தானே எடுத்துக்கொள்வதாலும், நீர் நின்ற மண்ணில் தீய வாயுக்கள் உண்டாவதாலும், இளம்பயிர் மஞ்சளாகி வாடும்.

ஆங்காங்கே சில செடிகளைக் காய்க்கவிட்டு உழுதால், சிதறிய விதை மண்ணில் உறங்கிக் கிடந்து அடுத்த ஆண்டு தானே முளைக்கும். விதையின் கடினத் தோல் இவ்வகையில் நன்மையாகவும் அமைகின்றது.

குளநீர் பாயும் நெற்காணியில்

உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் முதலிய குளங்களின் நீரைக் கொண்டு சிறுபோகமும் செய்யும் காணிகளில் தரிசுக் காலம் குறுகியது. அங்கு வயலினுள் காவிளாய் வளர்த்தல் பொருந்தாது. மேட்டு நிலத்திலும், அகன்ற வரம்பிலும், வேலியோரத்திலும் வளர்த்து, பூக்கத் தொடங்கும்போது வெட்டிச் சுமந்து வயலுக்கு இடலாம். நிலத்திலிருந்து நாலு அங்குலம் விட்டு வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேரோடு பிடுங்குதல் தகாது.

மரக்கறித் தோட்டத்தில்

களுதாவளை போன்ற எழுவான்கரை ஊர்களின் மணற் தோட்டங்களில், ஒரு பயிர் முடிந்து மறு பயிர் தொடங்குமுன் நிலத்தை வெறுமையாக விடுவதிலும், பாத்தியில் காவிளாயை விதைத்துச் சில முறை நீர் ஊற்றி வளர்த்தல் நலம். பூக்கத் தொடங்கியதும் கொத்திப் புதைத்து, மூன்று வாரம் கழித்துக் கத்தரி, மிளகாய், வெண்டி முதலியவற்றை நடலாம். பூசணி, பாகல் போன்ற குழிப் பயிர்களுக்குக் குழியொன்றுக்கு இரண்டு கிலோகிராம் பச்சை இலையை இட்டு, மண் மூடி நீரூற்றி, மக்கிய பின் விதைக்கலாம். நிற்கும் பயிரின் அடியில் மூடாக்காக இட்டால், மணலின் சூடு தணிந்து நீர் ஊற்றும் முறையும் குறையும். மூடாக்கிற்குக் காய் பிடிக்காத செடியையே கொள்க; காய் இருப்பின் தோட்டம் முழுவதும் முளைக்கும்.

வேர்முடிச்சு வட்டப்புழுவால் வருந்தும் தோட்டங்களில், கிலுகிலுப்பை இனத்தைச் சேர்ந்த சணலை ஒரு தவணை வளர்த்துப் பூக்குமுன் புதைத்தல் பயன் தரும். சணலின் வேரில் அப்புழு எளிதில் பெருகுவதில்லை. இதன் பொருட்டுக் காட்டுக் கிலுகிலுப்பையைத் தேடிக் கொணர்தல் வேண்டாம். சணலின் விதையையும் கால்நடைக்கு இடலாகாது.

கிடைக்கும் பசளையின் அளவு

செடி பூக்கத் தொடங்கும்போது, காணியின் நான்கு இடங்களில் ஒரு மீற்றர் நீள அகலமுள்ள சதுரங்களை அளந்து, உள்ளே நிற்பதை வெட்டி நிறுக்குக. நான்கின் சராசரிக் கிலோகிராமை 4ஆல் பெருக்கினால், ஓர் ஏக்கரில் உள்ள பச்சைக் குழையின் தொன் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். சதுரத்திற்கு அரைக் கிலோகிராம் இருப்பின் ஏக்கருக்கு 2 தொன்.

ஒரு தொன் பச்சைக் குழையில் ஏறக்குறைய 7 கிலோகிராம் நைதரசன் உண்டு எனக் கொள்ளலாம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் இருப்பதால், இது 15 கிலோகிராம் யூரியாவிலுள்ள நைதரசனுக்கு ஈடாகும். 2 தொன் குழை 30 கிலோகிராமுக்கும், 3 தொன் குழை 45 கிலோகிராமுக்கும் ஈடு. யூரியா விரைவில் கரைந்து போவது. குழையோ மெதுவாக மக்கி, ஒரு பகுதியை இப்போகத்திற்கும் மற்றொரு பகுதியைப் பின்வரும் போகத்திற்கும் தரும்.

இக்கணக்கைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாகாது. நல்ல விளைவு தரும் நெல்லினத்திற்கு வேண்டிய நைதரசன் முழுவதையும் இரண்டு மூன்று தொன் குழை தந்துவிடாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மாற்றுப் பசளை ஆயத்தமாக இல்லாமையால், 2021/22 பெரும்போக நெல் விளைவு நாடெங்கும் பெரிதும் குறைந்தது. பசுந்தாட் பசளையை ஒரே நாளில் உண்டாக்க இயலாது என்பது அதனால் விளங்கும். விதை சேர்க்க ஓர் ஆண்டும், காணியில் நிலைபெறச் செய்ய மேலும் ஓரிரு ஆண்டுகளும் செல்லும். ஆதலால், பசளை தாராளமாகக் கிடைக்கும் காலத்திலேயே காவிளாயை நிலைபெறச் செய்து, யூரியாவைப் படிப்படியாகக் குறைத்து வருபவரே, விலை ஏறும் காலத்தில் தாக்குப்பிடிப்பர்.

பொருந்தாத நிலங்களும் எச்சரிக்கையும்

காவிளாய் நீர் தேங்கும் நிலத்தை ஏற்பதில்லை. வாவியோரத்தில் உவர் ஏறும் தாழ்ந்த கண்டங்களுக்கு, நீரையும் உவரையும் ஓரளவு தாங்கும் தக்கைப்பூண்டே ஏற்றது. களிமண் இறுகிய நிலத்திலும் காவிளாயின் வளர்ச்சி குன்றும்.

காவிளாயின் வேரிலும் விதையிலும் மீனை மயக்கும் பொருள் உண்டு. வெட்டிய செடியையும் அலசிய வேரையும் குளத்திலோ, வாய்க்காலிலோ, வாவியிலோ போடுதல் கூடாது. வாவி மீனை நம்பி வாழ்வோர் கமக்காரரின் அயலவர் ஆவர்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. வெட்டுமுன் இனங்காண்க: பல சிற்றிலை, தட்டைக் காய், அம்பிறகுக் கிழிவு.
2. கிலுகிலுப்பையைக் காய்க்கவிடாதீர், அதன் விதை தானியத்தில் சேரவிடாதீர்.
3. விதையை மணலோடு தேய்த்து, 20 விதைகளைச் சோதித்துப் பின்னர் விதைக்குக.
4. பூக்கத் தொடங்கும்போது வெட்டுக. புதைத்து மூன்று வாரம் கழித்து விதைக்குக.
5. விதைக்கும் ஊருக்கும் சில செடிகளை விட்டுவைக்குக.

இனங்காண்பதில் ஐயம் உள்ளோர், பூவும் காயும் உள்ள ஒரு கிளையைக் கொண்டுசென்று, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ காட்டித் தெளிந்துகொள்ளலாம். முதலாண்டில் அரை ஏக்கரில் செய்து பார்த்தல் போதுமானது. அதன் பயனைக் கண்ட பின்னர் ஏனைய காணிக்கும் விரிவாக்கலாம்.